நூல் வராத நாள்

டோல்கேட்டுக்கு அருகே, ஒரு டயர் கடையின் மேல்மாடியில் பரிசோதனைக்கூடம் ஒன்று இருக்கிறது. காலை வேளைகளில் அங்கே உட்கார்ந்து ஸ்லைடு படிக்கிறேன். கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது. அதில் எனக்குக் கர்வம் உண்டு. போன வருஷம் மழைக்காலம் முடிந்த சமயத்தில் அந்தக் கர்வம் ஒரு பெண்ணின் விரலைத் தின்னப் பார்த்தது. விரல் பிழைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான் செய்ததை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது.

திருவொற்றியூரில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு டாக்டரம்மா, விரல் ஓரத்திலிருந்து வெட்டியெடுத்த தோல் துணுக்கு ஒன்றை அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வரி: எண்ணூர் கழிமுகத்தில் இறாலின் கொம்பு குத்தியது. உப்புத் தண்ணீர், காயம் என்று படித்ததுமே என் மனம் முடிவெடுத்துவிட்டது. கடல்நீர்க் காயத்தில் வரும் கொடிய கிருமிகள் பெரும்பாலும் கிராம் நெகட்டிவ் வகை. இதுவும் அதுவாகத்தான் இருக்கும்.

கிராம் சாயம் பூசுவது துணிக்குச் சாயம் போடுகிற மாதிரியான வேலை. பாக்டீரியாவை ஊதாச் சாயத்தில் ஊறவைத்து, அயோடினால் பிடிக்கவைத்து, ஸ்பிரிட்டில் அலசவேண்டும். கிராம் பாசிட்டிவ் வகைக்கு உள்ளே ஒரே ஒரு சவ்வு, அதற்கு வெளியே தடித்த சுவர். சர்க்கரைச் சங்கிலிகளைச் சின்னச் சின்னப் புரதத் துண்டுகளால் குறுக்கே முடிச்சுப் போட்டு, அடுக்கடுக்காகப் போர்த்திய சுவர். ஸ்பிரிட் பட்டதும் அது இறுகி ஊதாவை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். நெகட்டிவ் வகைக்குச் சுவர் மெல்லியது. அதன்மேல் கொழுப்பாலான இன்னொரு சவ்வு உண்டு. ஸ்பிரிட்டில் அது கரைந்து சாயம் ஓடிவிடும். பிறகு ஊற்றும் சிவப்புச் சாயத்தைத்தான் அது ஏற்கும்.

எல்லாம் அந்த அலசலில் இருக்கிறது. கூடம் விடுமுறையில் பூட்டிக்கிடந்ததால், அந்தத் துணுக்கிலிருந்து கிருமியை வளர்த்துவைத்த தட்டு பழசாகியிருந்தது. வயதான கிருமிகளின் சுவர் சாயத்தைச் சரியாகப் பிடிக்காது. அது தெரிந்தும் அதிலிருந்தே எடுத்தேன். அலசும்போது டீ வந்தது. ஒரு கையில் கிளாஸை வாங்கிக்கொண்டு மறு கையால் ஸ்பிரிட்டை ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஊதா என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு கிருமியை அதே ஸ்லைடின் ஓரத்தில் தடவிவைத்துச் சரிபார்ப்பது முறை. அதைச் செய்யாத மாணவர்களை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். அன்று நான் தடவவில்லை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. நுண்ணோக்கியில் சிவப்புக் குச்சிகளுக்கு நடுவே அங்கங்கே ஊதாக் குச்சிகள் தெரிந்தன. பார்த்தேன். சாயக் கசடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கசடு குச்சி வடிவத்தில் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். 'கிராம் நெகட்டிவ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டரம்மா அதை நம்பி அதற்கேற்ற ஊசியைப் போட்டார். சில நாள் கழித்து ஒரு காலையில் அந்தப் பெண்ணே படியேறி வந்துவிட்டார். காத்திவாக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். பின்னால் அவர் கணவர், வலை பின்னுகிறவர்.

"நீதான் படிச்சுக் குடுத்தவரா?" என்றார் அந்த அம்மா.

"ஆமா."

"ஊசி மேல ஊசி போட்டு இடுப்பு ஓட்டையானதுதான் மிச்சம். வலி கொறயல. நீ பாத்தது என் வெரலா, வேற எவனோட வெரலா?"

"ஏய், பெரியவரு கைல இன்னா பேச்சு பேசிக்கினு கீற?" என்றார் கணவர்.

"பெரியவருன்னா? வெரலு யார்து, உன்துதா?" என்று அவரிடம் பாய்ந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நாளைக்குப் பெரியாஸ்பத்திரில கீறிப் பாக்கப் போறாங்களாம். மூட்டு வரிக்கும் போயிருந்தா எட்துருவாங்களாம். தண்ணிக்கு உள்ள எனுக்குக் கண்ணே இந்த வெரலுதான் சார்."

அவர் சொன்னதில் மிகையில்லை. அவர்கள் கழிமுகத்தில் மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பவர்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் வேலை செய்யும். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். முதலில் இறாலை உணர்வது ஆள்காட்டி விரல்.

அந்த விரலை மேஜைமேல் வைத்தார். கத்திரிக்காய்த் தோலைப் போல ஊதா. ஓரம் கோடு கிழித்ததுபோல் தெளிவாக இருந்தது. ஒரு பொட்டுச் சீழ் இல்லை. காற்றுப் பட்டாலே வலிக்கிறது என்றார். மீனும் இறாலும் கையாள்கிறவர்களுக்கு வரும் ஒரு தொற்று இப்படித்தான் இருக்கும் என்று எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதன் கிருமி கிராம் பாசிட்டிவ். ஆனால் சுலபமாக ஊதாவைக் கைவிட்டு, சிவப்பாக வேஷம் போடும்.

"நான் தப்பாப் படிச்சிட்டேன்னு நினைக்கிறேன்" என்றேன். "நாளைக்கு ஒரு நாள் கத்தி வைக்க விடாதீங்க."

"நெனைக்கிறியா, தெரியுமா?" என்றார் கணவர்.

"நாளைக்குத் தெரியும்."

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். "ஒரு நாள் தள்ளலாம் சார், அதுக்கு மேல முடியாது" என்றார். பழைய தட்டிலிருந்து எடுத்துப் புதுத் தட்டில் தீட்டிவைத்தேன்.

மறுநாள் நான் வந்தபோது இருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் கடுகைவிடச் சிறிய புள்ளிகள் முளைத்திருந்தன. சாயத்தை நம்ப எனக்குப் பயமாக இருந்தது. அதற்கு முன் சுவரையே சோதித்துவிடலாம் என்று காரக் கரைசலில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் விட்டேன். வலைக்காரரிடம் சொன்னேன்: "மெல்லிய சுவர்னா இந்தக் காரம் பட்டதும் உடைஞ்சிடும். உள்ள இருக்கிறது வெளிய வந்து கொழகொழன்னு நூலா இழுக்கும். தடிச்ச சுவர்னா அசையாது."

புள்ளிகள் பலவற்றை ஒரு கம்பியால் கூட்டி அள்ளித் துளியில் கலக்கினேன். மூவரும் குனிந்தோம். கம்பியை மெதுவாகத் தூக்கினேன். தண்ணீர் தண்ணீராகவே விழுந்தது. மறுபடி கலக்கித் தூக்கினேன். அதேதான்.

"நூலு வரலியே சார்" என்றார் வலைக்காரர், இழவு வீட்டுக் குரலில்.

"வரல!" என்று கத்தினேன். "வரவே இல்ல!"

"வரலன்னா இன்னாத்துக்குக் குதிக்கிற? உனுக்கு இன்னா பேஜாரு?" என்றார் அந்த அம்மா.

உடனே சாயம் பூசினேன். இந்த முறை ஓரத்தில் துணைக்கு அந்த நிச்சய ஊதாக் கிருமியையும் தடவினேன். டீயை வெளியே நிற்கச் சொன்னேன். நுண்ணோக்கியில் இரண்டுமே ஊதா. மெல்லிய, பளிச்சென்ற ஊதாக் குச்சிகள். தேர்வில் முதல் வகுப்பு வாங்கிய அன்றுகூட எனக்கு நெஞ்சு அப்படி நிறைந்ததில்லை.

அவர்கள் எதிரிலேயே டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். பெனிசிலின் போதும், கத்தி வேண்டாம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஸ்பிரிட்டை அதிகம் ஊற்றியது, துணைக் கிருமி வைக்காதது, ஊதாவைப் பார்த்தும் விட்டது எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்களா சார்?" என்றார் டாக்டரம்மா. நானே என்றேன்.

"பென்சிலினு இன்னா செய்யும்?" என்று வலைக்காரர் கேட்டார்.

"கிருமி வளரும்போது சுவரை அங்கங்க அறுத்துப் புது முடிச்சுப் போடும். முடிச்சுப் போடற கையை இந்த மருந்து கட்டிப்போட்டுடும். அறுக்கிற கை நிக்காது."

அவர் சிரித்தார். "அறுத்து மட்டும் வுட்டா வலை அம்பேல்தான்."

"கிருமியும் அப்படித்தான்."

அந்த வாரத்திலேயே வலி போயிற்று. ஊதா பழுப்பாகி, தோல் உரிந்து, விரல் மடங்கி நிமிர்ந்தது. அந்தக் கிருமியை வளரவிட்ட சோதனைக் குழாயும் நான் எதிர்பார்த்தபடியே கறுத்து, இன்ன கிருமிதான் என்று உறுதி சொன்னது. ஆனாலும் இடையில் அந்த அம்மா தூங்காமல் கழித்த இரவுகள் என்னால் வந்தவை. விரல் குணமானதால் அவை இல்லையென்று ஆகிவிடாது.

தை மாதம் நெட்டுக்குப்பம் பக்கம் கழிமுகக் கரைக்குப் போனேன். நீர் வற்றியிருந்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த சேற்றில் பெண்கள் வரிசையாக இறங்கியிருந்தார்கள். அந்த அம்மாவும் பறியைக் கவ்வியபடி தடவிக்கொண்டிருந்தார், பேச முடியாது. என்னைக் கண்டதும் வலது கையைத் தண்ணீருக்கு மேல் தூக்கினார். ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே ஒரு இறால் துடித்தது.

"கையுறை போட்டுக்கோங்கன்னு சொன்னேனே!" என்று கரையிலிருந்து கத்தினேன்.

பறியை வாயிலிருந்து எடுத்தார். "உறை போட்டா இறாலு இன்னா கூவிக்கினா வரும்? சரி, இது மறுக்கா குத்திச்சுன்னா இன்னா கலரு எழுதுவ?"

"ஊதா!"

"பாக்காமயே சொல்ற பாத்தியா! மொதல்ல பாரு சார், அப்பால எழுது."

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் இறாலைப் பறிக்குள் போட்டு, பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டார்.