இரட்டை என்றால் கப்பிள்

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளிடம் ஊரில் யாரும் மார்க்கை மறைக்க முடியாது. பத்தாவது, பன்னிரண்டாவது, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று ஒவ்வொரு வீட்டு ஜாதகமும் எங்கள் மிஷினின் கண்ணாடி மேல் குப்புறப் படுத்து எழுந்துதான் போகும்.

பாளையங்கோட்டையில் நானும் எங்க வீட்டு அவங்களும் அந்தக் கடையை நடத்தினோம். அவங்க மிஷினைப் பார்ப்பாங்க. தாளை வாங்கி, அடுக்கி, பின் அடித்துக் கொடுப்பது நான். படித்தது எட்டாவது வரை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், ஊரார் விண்ணப்பங்களோடு எங்கள் மகள் கோமதியின் விண்ணப்பமும் அந்தக் கண்ணாடி மேல் ஏறியது. மெட்ராஸில் மத்திய அரசு நடத்துகிற பெரிய இன்ஜினியரிங் காலேஜுக்கு. நாடு முழுக்கப் பரீட்சை வைத்து, அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கிச் சேர்க்கிற இடம். கேள்வித்தாள் இங்கிலீஷில் வரும். கோமதி படித்ததோ அரசுப் பெண்கள் பள்ளிக்கூடத்தில், எல்லாப் பாடமும் தமிழில்.

பிள்ளைகளுக்கு விண்ணப்பப் பாரம் வாங்கி, அதைத் தூக்கிக்கொண்டு படி படியாய் ஏறி இறங்கிய தாய்மாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த வலி சொன்னாலும் விளங்காது.

கட்டத்துக்குள் அடங்கவில்லை

கோமதி கடையில் உட்கார்ந்து பாரம் நிரப்பிக்கொண்டிருந்தாள். அப்போது தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் தன் மகனுடைய பாரத்தோடு வந்தார். பார்த்தால் அதே காலேஜ், அதே பாரம். அவருடைய மகன் பெரிய மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவன். கோமதி எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார், சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை. எங்களுக்கு நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

"ஏம்மா, அதுல எந்த மொழியில படிச்சேன்னு ஒரு கட்டம் இருக்கு, பாத்தியளா? அத நிரப்புததோட உங்க பிள்ள பரீட்ச முடிஞ்சுது."

அவர் போனதும் கோமதியிடம், "ஏட்டி, அந்தக் கட்டத்துல தமிழ்னு நல்லா பெருசா எழுது" என்றேன். அவள் எழுதிய பெரிய எழுத்தில் கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டது. மிஷின் பக்கத்திலிருந்து அவங்க எட்டிப் பார்த்துச் சொன்னாங்க: "இருக்கட்டும், காப்பியில தெளிவா விழும்."

கம்பியைப் பிடித்த தம்பதி

நுழைவுப் பரீட்சைகளின் பழைய கேள்வித்தாள்களைக் காப்பி எடுக்க மேலப்பாளையத்திலிருந்து ஒரு பிள்ளை வருவாள். ஆயிஷா என்று பெயர். இங்கிலீஷ் மீடியம். மிஷினில் சில தாள் கறுப்படித்து வீணாகும். அதை நாங்கள் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தாராளமாக வைத்துக்கொள்ளச் சொன்னாள். அந்தக் கறுப்புத் தாள்கள்தான் கோமதிக்குப் பாடப்புத்தகம்.

ஒருநாள் கோமதி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு மதியம் முழுக்கத் திணறினாள். ஒரு கம்பி இருக்கிறதாம், அதன் மேல் ஒரு 'கப்பிள்' வேலை செய்கிறதாம். டிக்‌ஷனரியில் பார்த்தால் தம்பதி என்று போட்டிருக்கிறது. புருஷனும் பொண்டாட்டியும் எதற்கு அந்தக் கம்பியைப் பிடித்துத் தள்ளுகிறார்கள் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அதோடு 'மொமண்ட்' என்று வேறு வருகிறது. அதை நேரம் என்று எடுத்துக்கொண்டு, எத்தனை நிமிஷம் தள்ளினார்கள் என்று தேடிக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து பார்த்தேன். பார்த்து என்ன, எனக்கு அதில் கம்பி ஒன்றுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் வந்த ஆயிஷா, கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் அடுக்கி வைத்த தாளெல்லாம் கலைந்தது. பிறகு கம்பியின் இரண்டு முனையிலும் எதிர் எதிராய் அம்புக்குறி போட்டு, இரண்டும் சேர்ந்து கம்பியைத் திருப்பும் என்று காட்டினாள். கோமதி உடனே, "அட, இது இரட்டைல்லா! மொமண்ட்னா திருப்புத்திறனா?" என்று பென்சிலைப் பிடுங்கி, நாலே வரியில் கணக்கை முடித்துவிட்டாள். ஆயிஷாவுக்கு அந்த நாலு வரி புதிது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"ஆண்ட்டி, நாங்க பேரு தெரிஞ்சுக்கிட்டு அர்த்தம் தெரியாம முழிக்கோம், இவ அர்த்தம் தெரிஞ்சுக்கிட்டு பேரு தெரியாம நிக்கா."

எண்ணிக் கொடுத்த தாள்கள்

அந்தக் காலேஜ் பரீட்சைக்கென்றே டியூஷன் நடத்துகிற சார் ஒருவர் இருந்தார். கோமதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போனேன். தமிழில் படித்த பிள்ளை வகுப்பில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கும், பாவம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த வாரமே அவருடைய நோட்ஸ் எங்கள் கடைக்குக் காப்பிக்கு வந்தது. ஒரு செங்கல் தடிமன். காலையில் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வருகிறேன் என்று போய்விட்டார்.

கூட ஒரு செட் எடுத்துக்கொள்வோம், யாருக்குத் தெரியப் போகிறது என்று அவங்க மெதுவாகக் கேட்டாங்க. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. பொய் சொல்ல மாட்டேன். கடையில் மாட்டியிருந்த காந்திமதி அம்மன் படத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்றுவிட்டேன். இடம் தர மாட்டேன் என்றவரின் தாள் எங்களுக்கு எதற்கு? அது இல்லாமலே இவள் போகட்டும் என்று ஒரு வீம்பு வந்துவிட்டது. சார் வந்ததும் கறுப்படித்த தாள்களைக்கூட எண்ணி அவர் கையில் கொடுத்தேன். நாங்கள் ஒரு தாளும் எடுத்து வைக்கவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்சம் முகம் சுருங்கியது.

"உங்களுக்கு நல்ல மனசும்மா. ஆனா அத மட்டும் வச்சு அந்தக் காலேஜுக்குள்ள போக முடியாதே."

சுவரில் ஒட்டிய தாள்

மனசை வைத்துப் போக முடியாதென்றால் வார்த்தையை வைத்துப் போவோம் என்று அன்றைக்கே ஒரு கோடு போட்ட தாளை எடுத்தேன். இடது பக்கம் கோமதியின் வார்த்தை, வலது பக்கம் ஆயிஷாவின் வார்த்தை. உந்தம், முடுக்கம், நிலைமம், வினைவேக மாற்றி. கோமதி சொல்லச் சொல்லத் தமிழை நான் எழுதுவேன். இங்கிலீஷை ஆயிஷா எழுதிக் காட்டுவாள், கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுகிற மாதிரி நான் அதைப் பார்த்து வரைவேன். ஒரு தாள் ஆறு தாள் ஆயிற்று. கடைச் சுவரில் ஒட்டினோம். அரசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நின்று படிக்க ஆரம்பித்தார்கள். காப்பி கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம்.

களக்காட்டிலிருந்து வாழைத்தோட்டக்காரர் ஒருவர் மகளுக்குச் சான்றிதழ் காப்பி எடுக்க வந்தார். அவரும் ஒரு செட் கேட்டார். உங்கள் மகளும் அந்தப் பரீட்சை எழுதுகிறாளா என்று ஆசையாகக் கேட்டேன்.

"இல்லக்கா, அவ நர்சிங்குக்குத்தான் போடுதா. ஆனாலும் அவளுக்கு இங்கிலீஷு வராதுன்னு ஒருத்தன் சொன்னாம்லா, அவன் வீட்டுக்கு வாரப்ப எங்க சுவத்துல இருக்கட்டும்."

எங்கிட்டு இருக்கு அந்த சென்டர்?

பரீட்சை மதுரையில். கோமதியை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் வேப்பமர நிழலில் நின்றேன். சாமியிடம் நான் இடம் கேட்கவில்லை. கேள்வி அவளுக்குப் புரிந்தால் போதும், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் தாய்மார்கள். உன் மகன் எந்த சென்டரில் படித்தான், என் மகன் எந்த சென்டரில் படித்தான் என்று பேச்சு. ஊர் ஊராய்ப் பெயர் சொன்னார்கள்.

பிளாஸ்க்கோடு நின்ற மதுரைக்கார அம்மா ஒருத்தி என்னைப் பார்த்து, உங்க மகளுக்கு எங்கே கோச்சிங் என்றாள். எனக்கு ஒன்றும் கூச்சமில்லை. ஜெராக்ஸ் கடையில் என்று தலை நிமிர்ந்து சொன்னேன். அந்த அம்மா கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்துவிட்டாள்.

"கேள்விப்படலையே. அது எங்கிட்டு இருக்கு? தபால்ல நோட்ஸ் அனுப்புவாகளா?"

தடவிப் பார்த்தே சொல்லுவேன்

தபாலில் முடிவு வந்தது. தேர்வானவர்களில் கோமதி கடைசிப் பக்கத்துக்காரி. ஆனாலும் இடம் உண்டு. உலோகப் படிப்பு கிடைக்கும் என்றார்கள். பொம்பளைப் பிள்ளை இரும்பை உருக்கப் போகுதா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். உருக்கட்டும் என்றேன். ஆயிஷா டாக்டர் படிப்புக்குப் போனாள், அதில் எனக்கு அதே அளவு சந்தோஷம்.

மெட்ராஸில் சான்றிதழ் சரிபார்க்கிற மேஜையில் ஒரு குமாஸ்தா. கோமதியின் மார்க் ஷீட்டைப் பார்த்தார், பள்ளிக்கூடத்துப் பெயரைப் பார்த்தார், மறுபடி மார்க்கைப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இது ஒரிஜினல்தானா என்று கேட்டார். முந்தினவர்கள் யாரையும் அவர் அப்படிக் கேட்கவில்லை. கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் மேஜைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தேன். வாழ்நாளில் ஒரு ஆபீஸரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"சார், எனக்குப் பொழப்பே காப்பி எடுக்குததுதான். எது ஒரிஜினல், எது காப்பின்னு தடவிப் பாத்தே சொல்லுவேன். இது ஒரிஜினல். எம் பிள்ளையும் ஒரிஜினல்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குமாஸ்தா தாளைக் கீழே வைத்து, முத்திரையைத் தேடி எடுத்துக் குத்தினார். கோமதி தலையைத் தூக்கினாள். அதிகாரி கையெழுத்து வாங்கிய காப்பி இருக்கிறதா என்று அவர் கேட்டதும், நான் பையிலிருந்து காப்பிக் கட்டு ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவர் அதை எண்ணிப் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

"மூணு போதும்மா. மீதிய எடுத்து வைங்க, இது ஆபீஸு, உங்க கடை இல்ல."

அந்தக் காலேஜுக்குள் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, வாசலில் என்ன சொல்லித் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள் என்பது மட்டும் பாடமாகவே இருக்கிறது.