சாக்லேட் மேல் போட்ட பழி

என் வயிற்றுக்குள் ரத்தம் ஒழுகுவதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான்.

பொய். முதலில் கண்டுபிடித்தவள் என் பெண்சாதி அஞ்சலை. அப்புறம் டாக்டரம்மா. வயிற்றுக்குச் சொந்தக்காரனுக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

எனக்கு எழுதப் படிக்க வராது. ஓடத்தில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல, லீவில் வந்திருக்கும் என் மச்சான் மாணிக்கம் திருத்தி எழுதுகிறான். அதனால் படித்தவன் பேசுவது போல இருக்கும். ஏமாற வேண்டாம். வயிற்றுப் புண்ணோடு இருக்கிற யாராவது இதைப் படித்தால், நான் செய்ததைச் செய்யாமல் பிழைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

மாமல்லபுரத்துக்கு மேற்கே ஓடும் கால்வாயில் என் பிழைப்பு. சவுக்குக் கட்டை ஏற்றிய ஓடத்தைக் கோல் ஊன்றிப் பட்டணத்துக்குத் தள்ளிப்போவேன். ஒருநாள் கோலைத் தோளில் கொடுத்து அழுத்தும்போது, தொப்புளுக்கு மேலே கொள்ளிக்கட்டையை வைத்தது போல எரிந்தது. பழைய சோறும் பச்சை மிளகாயும் தின்றேன். எரிகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் நெருப்பு வைத்தால் அணைந்துவிடும் என்பது என் வைத்தியம்.

அஞ்சலை என்னைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. வேதப் புத்தகத்தைப் படித்துத் தமிழ் கற்றவர் போலிருக்கிறது.

"உமது வயிற்றில் புண் உண்டு" என்றார். அல்சர் (இரைப்பையின் உள்தோலில் விழும் புண்). "மிளகாய், காப்பி, கள், இவற்றைத் தொடாதேயும். பாலே உமது ஆகாரம். அனுதினமும் உமது மலத்தைப் பாரும். அது கறுத்து, தாரைப் போல் ஒட்டினால் அன்றே புறப்பட்டு வாரும். அது இரத்தம்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. புண் இருப்பதற்காக அல்ல, பார்க்கச் சொன்னதற்காக. எங்கள் கரையில் எல்லோரும் விடிவதற்கு முன்பே சவுக்குத் தோப்புக்குப் போய்விட்டு வருவோம். திரும்பிப் பார்த்தவன் எவனும் இல்லை. நான் மட்டும் வெளிச்சம் வந்த பிறகு போக வேண்டியதாயிற்று. கால்வாயில் போகிற ஓடக்காரன் எல்லாம் கோலை நிறுத்தி விசாரித்தான்.

பால் ஒத்துக்கொள்ளவில்லை. குடித்தால் வயிறு பறை மாதிரி உப்பியது. அதைக் கேட்ட டாக்டரம்மா, தன் சமையலறையிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்து அஞ்சலையிடம் கொடுத்தார். அதில் பாலும், வெந்த ஜவ்வரிசி கட்டிகட்டியாய் ஒட்டிக்கொண்டது போல ஏதோவும் மிதந்தன. கெஃபிர் என்றார். அந்தக் கட்டிகள்தான் விதை. காய்ச்சி ஆறிய பாலில் போட்டுத் துணி கட்டி வைத்தால், மறுநாள் பால் புளித்து, சோடா போல நாக்கைக் கிள்ளும். வடிகட்டிக் குடித்துவிட்டு விதையைப் புதுப் பாலில் போட வேண்டும்.

வயிறு உப்பவில்லை. ஆனால் வாசனை! ஈரக் கோணிப்பையைப் பிழிந்து குடித்தது போல.

பட்டணத்தில் ஒரு துரை வீட்டில் சமையல் வேலை பார்க்கும் மாணிக்கம் அந்த வாரம் லீவில் வந்தான். துரையம்மா வேண்டாம் என்று ஒதுக்கிய அரை டின் கோகோப் பொடி கொண்டுவந்திருந்தான்.

"மாமா, இத்தக் கலக்கிப் பாரு. எங்க தொரை புள்ளைங்க பாலையே தொடாது. இது சாக்லேட்டு. இத்தப் போட்டா சட்டிய நக்குதுங்க."

"டாக்டரம்மா வேணாம்னா?"

"வேணாம்னு சொன்னதுல சாக்லேட்டு கீதா? இல்லியே!"

உண்மைதான், சொல்லவில்லை. கால்வாய்க் கரைக் குடிசையில் சாக்லேட் இருக்கும் என்று எந்த டாக்டர் நினைப்பார்?

முதல் நாள் பொடியை அப்படியே தூவினான். அடுப்புக்கரி போல மேலேயே மிதந்து, என் மீசையில் ஒட்டியது. மறுநாள் அஞ்சலை பனைவெல்லத்தைச் சுடுநீரில் கரைத்து, பொடியைப் போட்டுக் குழைத்து, ஆறவைத்து, வடிகட்டிய பாலில் ஊற்றினாள். விதையின் பக்கம் பொடியை அண்டவிடவில்லை. குடித்தேன். புளிப்பு, கசப்பு, இனிப்பு, கடைசியில் ஒரு கிள்ளல். செத்தால் இதைக் குடித்துவிட்டுச் சாகலாம் என்று சொன்னேன். வாய் முகூர்த்தம்.

தினமும் குடித்தேன். ஒரு தம்ளர் முழுதாக இறங்காது. நான் வைத்த மிச்சத்தை அஞ்சலை குடிப்பாள். சில நாள் கழித்து, தோப்பில் திரும்பிப் பார்த்தேன். கறுப்பு.

வீட்டுக்கு ஓடிவந்து மாணிக்கத்திடம் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"யோவ் மாமா, கறுப்பாக் குடிச்சா கறுப்பாத்தான் போவும். தொரை புள்ளைங்களுக்கும் அப்பிடித்தான். இதுக்கா பேஜாராவுற?"

எனக்கும் சிரிப்பு வந்தது. வாழ்நாள் முழுக்க ஓடத்துக்குத் தார் பூசியவன் நான். கண்ணெதிரே தாரைப் பார்த்துவிட்டு, சாக்லேட் என்று சொல்லிச் சிரித்தேன். அடுத்த நாளும் கறுப்பு. அதற்கடுத்த நாளும். எழுந்தால் தலை சுற்றியது, நெற்றியில் ஜில்லென்று வேர்த்தது, கோல் கல்தூணாய்க் கனத்தது. வெயில் என்றேன்.

ஒருநாள் காலை, நானும் மச்சானும் இதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். பாதி குடித்த தம்ளரை அஞ்சலையிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"சிரிக்கிறத நிறுத்துங்க ரெண்டு பேரும்" என்றாள். "தெனமும் அவுரு வெச்ச மிச்சத்த நான்தான் குடிக்கிறேன். அதே பாலு, அதே சாக்லேட்டு. எனக்கு எப்பவும் போல மஞ்சளாத்தான் கீது. அவுருக்கு மட்டும் இன்னாத்துக்குக் கறுக்குது?"

மாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டான். கூடப் பிறந்தவன் முன்னால் ஒரு பெண் பேசுகிற பேச்சா அது? எனக்கு முதலில் அதுதான் அதிர்ச்சி. மானம் போச்சே என்று தோன்றியது. அதற்கப்புறம்தான் அவள் கேட்டது உள்ளே இறங்கியது. தம்ளர் கையிலிருந்து நழுவியது. எழுந்தேன். தரை மேலே வந்தது.

திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் படுக்கவைத்துக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். கண் திறந்தபோது டாக்டரம்மா என் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வெள்ளையாக இருந்ததாம். மெலீனா என்றார் (புண்ணிலிருந்து கசிந்த ரத்தம் குடலில் செரித்துக் கறுத்துப்போகும் மலம்).

"இத்தனை நாள் ஏன் வரவில்லை?"

"சாக்லேட்டுன்னு நெனச்சேன்மா."

அவர் கை அப்படியே நின்றது. "சாக்லேட்டா? நீரா? எங்கிருந்து?"

மாணிக்கம் கதவுக்குப் பின்னால் போனான்.

"சாக்லேட் நிறத்தைக் கொஞ்சம் மாற்றலாம்" என்றார். "தாராக ஒட்டாது. அப்படி நாறாது. இன்னும் ஒரு இரவு வீட்டில் இருந்திருந்தால் உம்மை நான் பார்த்திருக்க மாட்டேன்."

ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். மாணிக்கம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தான். அவன் ரத்தம் எனக்குச் சேரவில்லை. அஞ்சலையின் ரத்தம் சேர்ந்தது. அவள் மிச்சம் வைக்காமல் கொடுப்பாள் போலிருந்தது. டாக்டரம்மாதான் போதும் என்று நிறுத்தினார். புட்டி என் தலைக்கு மேல் தொங்கியது. கறுப்பாக வெளியே போனது, சிவப்பாக உள்ளே வந்தது. இத்தனை காலம் என் மிச்சத்தை அவள் குடித்தாள். இப்போது நான்.

புண் மெல்ல ஆறியது. இப்போது மறுபடி கெஃபிர்தான், கோணிப்பை வாசனையோடு.

முன்பு உடம்பு எனக்கு ஓடம் மாதிரி. ஏற்றினால் தாங்கும், அடியில் என்ன கசிகிறது என்று யார் பார்த்தார்கள்? இப்போது உள்ளே ஒரு ஆள் குடியிருப்பது போலத் தினமும் நலம் விசாரிக்கிறேன். பொழுதும் மாறிவிட்டது. காற்று எந்தப் பக்கம், பட்டணம் எப்போது என்றிருந்தவன், பால் புளித்ததா, விடிந்ததா, பார்த்தாயிற்றா என்றிருக்கிறேன். பார்க்கும் வரை அந்த நாள் எனக்குக் கிடைத்ததாகவே கணக்கில்லை.

அந்தக் கோகோ டின் என்ன ஆயிற்று என்று சொல்ல மறந்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் அன்று டாக்டரம்மா மாணிக்கத்தைக் கூப்பிட்டு, கொண்டுவரச் சொல்லியிருந்த டின்னைக் கையில் வாங்கி, மூடியைத் திறந்து, எல்லோரும் பார்க்க...

"யோவ்! வெளிச்சம் வந்து எம்மா நேரமாவுது!" கரையிலிருந்து அஞ்சலை கத்துகிறாள். எதிரே வருகிற ஓடம் நின்றுவிட்டது. "கத சொல்லிகினு குந்திகினு கீற? போனியா? பாத்தியா? இன்னா கலரு?"

மச்சான், பேனாவைக் கீழே வை. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.