பாதத்தின் அளவுக்கு ஒரு போட்டோ

போன வாரம் ஸ்டுடியோவைத் திறந்து, எங்கள் தீவின் ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்காமலிருக்க லென்ஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். லம்பா லைன் பகுதியில் குடியிருக்கும் செலின் வந்தாள், இடுப்பில் ஒன்றரை வயது ரோசியோடு.

"அண்ணே, அளவு மாறாம போட்டோ எடுப்பியளா?"

"என்ன அளவும்மா?"

"பாப்பா காலு. எம்புட்டு இருக்கோ அம்புட்டே விழணும்."

விஷயம் இதுதான். செலினின் கணவர் அந்தோணி தொற்றுகிற நெஞ்சு நோய்க்காகக் கடல் தாண்டி மெயின்லாண்டில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்; குழந்தைகளைக் கிட்டே விட மாட்டார்கள். அவர் கப்பல் ஏறியபோது ரோசி வயிற்றில். பெற்ற பெண்ணை இன்னும் பார்க்கவே இல்லை! நான்தான் முன்பு ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன் — நாற்காலி, பூச்சாடி, திரைச்சீலை, நடுவில் கட்டைவிரல் பருமனுக்கு ரோசி. 'எல்லாம் நல்லாருக்கு. புள்ள எம்புட்டு பெருசு?' என்று பதில் எழுதியிருக்கிறார்.

நியாயமான கேள்விதானே?

"நூலால அளந்து அனுப்பிடலாமே?" என்றேன்.

"நூலத் தடவிக்கிட்டா படுத்திருப்பாரு? போங்கண்ணே!"

என் வாய்க்கு அது வேண்டியதுதான்.

நம் கேமரா பழைய பெரிய கேமரா. மரப்பெட்டி, தோல் துருத்தி, கறுப்புத் துணி. ஃபிலிம் எவ்வளவு பெரிதோ, பிரிண்ட்டும் அவ்வளவு பெரிது. ஒவ்வொரு லென்ஸும் ஒரு சதுரப் பலகையில் பொருத்தியிருக்கும். தாழ்ப்பாளை நகர்த்தி ஒரு பலகையை எடுத்துவிட்டு இன்னொன்றைச் செருக வேண்டும்.

பெரிதாக விழ வேண்டுமென்றால் பெரிய லென்ஸ்தானே என்று முகம் எடுக்கிற லென்ஸை மாட்டினேன். துருத்தியை முழுக்க இழுத்தும் பாதம் பாதி அளவுக்கு மேல் வரவில்லை. கழற்றினேன். கடலையும் மலையையும் எடுக்கிற குட்டி லென்ஸைச் செருகினேன். துருத்தியை இழுத்தபடி கிட்டே போனேன்… பின்பக்கக் கண்ணாடியில் தலைகீழாக, அச்சு அசலாக அதே பாதம்! ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். இம்மி பிசகவில்லை.

ஆனால் துருத்தி நீண்டால் வெளிச்சம் மங்கிவிடும். சில விநாடிகளாவது கால் அசையக் கூடாது. ரோசியா அசையாமலிருப்பாள்? ஸ்கேலையே உதைத்துத் தள்ளினாள்.

"தூங்குனாத்தான் உண்டு," என்று செலின் அவளைப் பெஞ்சில் போட்டு, பாதி இந்தியில் தாலாட்டித் தட்ட ஆரம்பித்தாள். "சோ ஜா, பேட்டி… அப்பாவுக்குக் காலு காட்டணும்ல, சோ ஜா…"

ரோசி ஒருவழியாகக் கண்ணை மூடினாள். நான் லென்ஸ் மூடியைக் கழற்றினேன். செலின் மூச்சு விடவில்லை. நானும்தான். மூடியைத் திரும்பப் போட்டதும் இருவரும் சேர்ந்து பெருமூச்சு விட்டோம்.

"இத அவரு உள்ளங்கையில வச்சுப் பாப்பாரு," என்றாள். "யாரும் தொடாதேன்னு சொல்ல முடியாதுல்ல?" சிரிக்கத்தான் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு குட்டி லென்ஸைக் கழற்றப் போனேன். கை வரவில்லை. என் மனைவி மதுரையில் டீச்சர். அவளால் வேலையை விட முடியவில்லை, என்னால் தீவை விட முடியவில்லை. வருடக்கணக்காக இந்த லென்ஸில் எடுத்ததைத்தான் அவளுக்கு அனுப்புகிறேன். அலை, அஸ்தமனம், சௌல்தாரி வயல், ஹேவ்லாக் கரை… 'கடல் ரொம்ப அழகு. உங்களைக் காணோமே?' என்று ஒருமுறை எழுதினாள். கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். என்ன மனுஷன் நான்!

தூரத்தில் இருப்பவர்களுக்கு நாம் ஏன் தூரத்தையே அனுப்பிக்கொண்டிருக்கிறோம்?

பக்கத்துக்கு ஒரு ஃபிலிம் மாட்டும் ஹோல்டரின் மறுபக்கத்தில் ஒரு ஃபிலிம் மிச்சமிருந்தது. ரோசியின் பாதம் இருந்த இடத்தில் என் இடது கையை வைத்தேன். வலது கையால் மூடியைக் கழற்றினேன். கெமிக்கல் பட்டுக் கறுத்த நகம், விரலில் மோதிரம். அவளுக்கு இந்தக் கை ஞாபகம் இருக்குமா? அவள் கையின் சூடு எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று ரொம்பவே ஞாபகம் வந்தது.

நேற்றைய கப்பலில் இரண்டு உறைகள் போயின. ஒன்றில் ரோசியின் பாதம். இன்னொன்றில்… கடல் இல்லை.