கழுவி வைக்காத மத்து

போன மாதம் மாடி வீட்டுச் சிறுமியின் பிறந்தநாளுக்கென்று கரோல் பாக் போய் ஒரு புத்தகக் கட்டு வாங்கி வந்தேன். ஐந்து பாகம், ஆங்கிலம். அட்டையில் பத்துத் தலை அரக்கன் ஒருவன் பத்துக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்கிறான். பத்து வயதிலிருந்து பதினான்கு வயது வரை படிக்கலாம் என்று பின்னட்டையில் அச்சிட்டிருந்தது. எனக்கு எழுபது தாண்டிவிட்டது. குழந்தைக்கு ஏற்றதுதானா என்று ஒரு பக்கம் பார்த்துவிட்டுக் கொடுக்கலாமே என்று பிளாஸ்டிக் உறையைக் கிழித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. கிழிந்த உறையோடு பரிசு கொடுப்பது மரியாதை இல்லை என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, அந்தச் சிறுமிக்கு ஒரு பாட்மிண்டன் மட்டை வாங்கிக் கொடுத்தேன். புத்தகங்கள் என் தலைமாட்டில் இருக்கின்றன. மூன்றாம் பாகத்தில் இருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

எந்தப் புத்தகம் வாங்கினாலும் முதலில் மூக்கருகே கொண்டுபோவது என் வழக்கம். இதையும் மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. பெருங்காயம் மணக்கவில்லையே என்று ஒரு நிமிஷம் ஏமாந்துபோனது எனக்கே வேடிக்கையாக இருந்தது. புத்தகத்தில் எதற்குப் பெருங்காயம் மணக்க வேண்டும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் தில்லியில் தமிழ்ப் பத்திரிகை வேண்டுமென்றால் அதை மளிகைக் கடையில்தான் வாங்க வேண்டும். கரோல் பாக்கில் ஒரு சந்துக்குள் அப்பளம், நார்த்தங்காய், காப்பிப் பொடி, கட்டிப் பெருங்காயம் எல்லாம் விற்கிற கடை ஒன்று இருந்தது. வாசலில் கயிறு கட்டி, துணி மாட்டுகிற கிளிப்பில் பத்திரிகைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். மெட்ராஸ் ரயிலில் வந்து சேர்ந்து, கடைக்குள் சில நாள் இருந்தால் போதும், எந்தப் பத்திரிகையும் சாம்பார் மணக்க ஆரம்பித்துவிடும். அரசியல் கட்டுரை, துப்பறியும் கதை, ராசி பலன் எல்லாவற்றுக்கும் ஒரே வாசனைதான்.

நான் அப்போது ஒரு அமைச்சகத்தில் ஸ்டெனோ. செங்கல்பட்டிலிருந்து கல்யாணம் ஆகித் தில்லிக்கு வந்தவள். அவர் திருநெல்வேலிக்காரர், வேறொரு அமைச்சகத்தில் கணக்குப் பிரிவு. கிட்வாய் நகரில் எங்களுக்கு ஒரு கீழ்வீட்டுக் குவார்ட்டர். சம்பளம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பஸ் பிடித்து அந்தக் கடைக்குப் போவேன். காப்பிப் பொடியோடு ஒரு சிறுவர் மாத இதழும் வாங்கிக்கொள்வேன். கடைக்காரர் பாலக்காட்டுக்காரர், நல்ல மனுஷர். "ஆத்துல குட்டிக்கா?" என்பார், வீட்டுக் குழந்தைக்கா என்று. நான் பர்ஸுக்குள் சில்லறை தேடுவதில் மும்முரமாகிவிடுவேன்.

அந்த இதழில் ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. பாற்கடலைக் கடைந்த கதை நமக்குத் தெரியும். மந்தர மலைதான் மத்து, வாசுகிப் பாம்புதான் கயிறு. அமுதம் வந்ததும் எல்லாரும் அதன் பின்னால் ஓடிவிட்டார்கள். மத்தைக் கழுவி, எடுத்த இடத்தில் வைத்தது யார்? யாருமே வைக்கவில்லை என்பதுதான் தொடரின் ஆரம்பம். மலை கடலடியில் சாய்ந்து கிடக்கிறது. உடம்பெல்லாம் உரிந்துபோன வாசுகி ஒரு கிராமத்துக் குளத்தில் வந்து படுத்து முனகுகிறது. தண்ணீர் எடுக்க வந்த வேம்பு என்கிற பன்னிரண்டு வயதுப் பெண் அதைப் பார்க்கிறாள். மலையைத் திருப்பி வைத்தால்தான் தனக்கு உடம்பு ஆறும் என்கிறது பாம்பு. "சரி, வா" என்று இடுப்பில் குடத்தோடு அவள் கிளம்பிவிடுகிறாள். வீட்டில் தினமும் மோர் கடைந்து மத்தைக் கழுவி மாட்டுகிறவளுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

பகலெல்லாம் "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது, பரிசீலனையில் உள்ளது" என்பதையே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் நான். வேம்புவின் பின்னால் நானும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன் என்றால் அதில் என்ன ஆச்சரியம். குளிர்காலத்தில் அலுவலகப் பெண்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் புல்வெளியில் வெயிலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார்கள். நான் அவர்கள் நடுவில் இதழை விரித்துக்கொண்டு இருப்பேன். பக்கத்தில் உட்காரும் பஞ்சாபிப் பெண் எட்டிப் பார்த்து, "அரே, யே தோ பச்சோங் வாலி ஹை" என்று சிரித்தாள். குழந்தைகள் படிக்கிறதாம். நான் அச்சா என்று தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் திருப்பினேன்.

ஒரு மாதம் வேம்பு மூதேவியைச் சந்தித்தாள். கடலிலிருந்து லட்சுமிக்கு முன்னால் வந்த அக்காள். எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களே, அவள். மலைச் சரிவில் தன் காக்கையோடும் துடைப்பத்தோடும் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். "என் எதிரில் உட்கார்ந்து யாரும் சாப்பிட்டதே இல்லை" என்கிறாள். வேம்பு குடத்தை இறக்கி வைத்துவிட்டு, மடியிலிருந்த பொரியை அவளுக்கும் கொஞ்சம் கொடுத்து, எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். கரோல் பாக்கிலிருந்து திரும்பி வருகிற பஸ்ஸில் இதைப் படித்தேன். கூட்டத்தில் நின்றுகொண்டே அழுதேன். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் எனக்குக் குழந்தை இல்லை. காலனியில் வளைகாப்பு என்றால் என்னையும் கூப்பிடுவார்கள், ஆனால் முதல் வளையலைப் போட என்னை யாரும் கூப்பிடமாட்டார்கள். குறை சொல்லவில்லை, வழக்கம் அப்படி. எனக்குக் குழந்தை வேண்டும் என்று இருந்தது, ரொம்பவே இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில்தான் திடீரென்று எல்லாரும் என்னிடம் அன்பாகிவிட்டார்கள். விடியற்காலை பால் பூத் வரிசையில் என்னை முன்னால் அனுப்பினார்கள். எதிர் வீட்டு ராஜம் மாமி, கும்பகோணத்துக்காரர், மாங்காய் ஊறுகாய் ஒரு கிண்ணம், புளிக்காய்ச்சல் ஒரு கிண்ணம் என்று கொடுத்தனுப்பியபடி இருந்தார். நான் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தால் ஓடி வந்து பிடுங்கிக்கொள்வார். "நீ எதுக்குத் தூக்கறே? கிட்டுவக் கூப்பிட வேண்டியதுதானே?" என்று தன் பிள்ளையைக் கைகாட்டுவார். தில்லி பனியில் மனுஷர்கள் மனசு இளகிவிடும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூளை உள்ளவர்கள் அப்போதே யோசித்திருப்பார்கள். எனக்கு வாசுகி கவலையே பெரிதாக இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் என் கணவர் வழக்கத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. வாசல் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்.

"ஆபீஸ்ல எல்லாவனும் கையப் பிடிச்சுக் குலுக்குதான். மாமி வீட்டுக்காரர் சொன்னாராம். எனக்குக் கடைசியாச் சொல்லலாம்னு இருந்தியாக்கும்?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. குழந்தையில்லாத வீட்டுப் பெண் மாதாமாதம் குழந்தைப் பத்திரிகை வாங்குகிறாள் என்று கடையில் மாமி கேள்விப்பட்டிருக்கிறார். வரப்போகிற குழந்தைக்கு இப்போதே சேர்த்து வைக்கிறாள் என்பதைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்? மாமியின் கணக்கில் வேறு விடையே கிடையாது. நாள் தள்ளிச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறக்காமல் இருப்பதாக மற்றவர்களும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அதற்குப் பின்னாலும் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை அதை அவர் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

அவர் பையை மேஜைமேல் வைத்தார். குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் அவிழ்த்தார்.

"அப்பம் எதுக்கு ஊரெல்லாம் சொல்லுது?"

நான் தலையணை அடியிலிருந்து இதழை எடுத்துக் கொடுத்தேன். "இத வாங்கறதப் பார்த்துட்டுச் சொல்றாங்க."

புரட்டினார். "இது பிள்ளேளு படிக்கதுல்லா? இங்க யாரு படிக்கா?"

"நான்தான்."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அவர் ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார். வாயில் போட்டால் கண்ணை மூட வைக்கிற புளிப்பு. "கடைக்காரன் இனிப்பாத்தான் குடுத்தான். நான்தான் புளிப்பாப் பாத்துப் பொறுக்குனேன்" என்றார். இரண்டு பேரும் அந்தப் புளிப்பு ஆரஞ்சைத் தின்று தீர்த்தோம். 

மறுநாள் மாமியிடம் நான் சொல்லித்தானே ஆக வேண்டும். ஊறுகாய்க் கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போனேன். "மாமி, எனக்கு விசேஷம் ஒண்ணும் இல்ல. அந்தப் புஸ்தகம் நானே படிக்கறதுக்குத்தான் வாங்கறேன்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். மாமியின் முகம் சிவந்துவிட்டது.

"அடடா, நான்னா எல்லார்கிட்டயும் சொல்லிண்டு திரிஞ்சேன்" என்றார். கிண்ணத்தை வாங்கி அலமாரியில் வைத்தார். "நீ ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்க வேண்டாம். சொன்னவ நான். நானே போய்ச் சொல்லிடறேன்."

சொன்னபடியே ஒவ்வொரு வீடாகப் போனார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வாரம் யாரும் என்னிடம் பரிதாபமாகப் பேச வரவில்லை. வந்த ஒவ்வொருவரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள். "கதை ரொம்ப நன்னா இருக்காமே, படிச்சுட்டுத் தரேளா?" மாமி ஆளைப் பார்த்து நடக்கத் தெரிந்தவர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதன்பிறகு இதழ் என் கையில் தங்கவே இல்லை. சனிக்கிழமை மதியம் எங்கள் வீடுகளுக்கு நடுவிலிருந்த புல்வெளியில் கயிற்றுக் கட்டில் போட்டு, வேர்க்கடலையை உரித்துக்கொண்டு, யாராவது ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்போம். குழந்தைகள் சுற்றி ஓடும். கிட்டுவுக்கு வேம்புவின் வயதுதான். "கிட்டு, கதை கேளுடா" என்றால், "அம்மா, ஜல்தி பேட் தோ" என்று மட்டையை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவான். தில்லியில் பிறந்த பிள்ளைகளில் ஒன்றுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. சிறுவர்களுக்கென்று மெட்ராஸில் யாரோ பாடுபட்டு எழுதிய கதையைக் கிட்வாய் நகரில் படித்தது முழுக்க முழுக்கப் பெரியவர்கள்தான். பென்ஷன் வாங்குகிற மனுஷர் ஒருவர் ஐராவதம் வந்த இடத்தில் கை தட்டினார்.

என் கணவர் முதலில் ஷேவ் செய்துகொண்டே தள்ளி நின்று கேட்பார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார். படிப்பவர் வேர்க்கடலை மெல்ல நிறுத்தினால் "பொறவு?" என்று முதலில் கேட்கிறவர் அவராகிவிட்டார்.

ஒரு மாதம் இதழ் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. நிறுத்திவிட்டார்களாம் என்று கடைக்காரர் சொன்னார். மலை கடலடியிலிருந்து பாதிதான் தூக்கப்பட்டிருந்தது. வெறுங்கையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். காலனியே துக்கம் விசாரித்தது. அவர் தொண்டையைக் கனைத்தார்.

"ஏளா, மிச்சத்த நான் சொல்லட்டுமா?"

கதைப் புத்தகம் ஒன்றுகூடப் படிக்காத மனுஷர். ஆனால் சொன்னார். மலையைத் தூக்க இந்திரனின் அனுமதி வேண்டும், அங்கே ஃபைல் நகரவில்லை, செக்ஷன் ஆபீசர் லீவில் போயிருக்கிறார் என்று ஆரம்பித்தார். வேம்பு அங்கே வராந்தாவில் குடத்தின் மேல் உட்கார்ந்து காத்திருக்கிறாள். மூதேவி அவளுக்கு டீ வாங்கி வருகிறாள். எல்லாரும் சிரித்துச் சிரித்துக் கட்டில் கயிறே தளர்ந்துபோயிற்று. சம்பளம் வந்த வாரமெல்லாம் ஒரு பகுதி சொன்னார். மற்றவர்கள் மாற்றலாகிப் போனபிறகு எனக்கு மட்டும் சொன்னார். யமுனைக்கு அக்கரையில் சொந்தமாக வீடு வாங்கி வந்தபிறகும், பென்ஷன் வந்தபிறகும் சொன்னார். டாக்டர்களைப் பார்த்தோம், கோயில்களுக்குப் போனோம், எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. கதை மட்டும் நிற்கவில்லை.

அந்தக் கடை இப்போது செல்போன் கடை. கிட்வாய் நகரின் பழைய குவார்ட்டர்களை இடித்து அடுக்கு மாடிகள் கட்டிவிட்டார்கள். எங்கள் புல்வெளி எந்த இடத்தில் இருந்தது என்று நின்று பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. மாமி இல்லை. கிட்டு கனடாவில் இருக்கிறான்.

அவர் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. கடைசியாகச் சொன்ன பகுதியில் பாம்புக்கு உடம்பு தேறிவிட்டிருந்தது. மலையை வைக்க வேண்டிய இடம்கூடத் தூரத்தில் தெரிந்துவிட்டது. நான் அவரைச் சீண்டுவதற்காக ஒன்று கேட்டேன். இத்தனை வருஷம் ஆயிற்றே, இந்த வேம்புவுக்கு மட்டும் வயதே ஆகாதா, இன்னும் பன்னிரண்டிலேயே நிற்கிறாளே என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஆவட்டும்ளா, மெதுவா ஆவட்டும். நம்ம பிள்ள பெரியவளாயிட்டா நம்மள விட்டுட்டுப் போயிருவால்லா" என்றார்.

இந்த ஊரில் அவளைத் தெரிந்தவர்கள் இப்போது என்னைத் தவிர யாரும் இல்லை.