ஆசிட் பில்லில் கையெழுத்துப் போடுகிறவர்

பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறினால் இப்போதெல்லாம் எனக்குக் கைதட்டல் சத்தம் கேட்கிறது. மூளையில் கோளாறு ஒன்றுமில்லை. எல்லாம் போன சனிக்கிழமையின் உபயம்.

பசுமலைப் பக்கம் ஒரு பள்ளி. அதன் தலைமையாசிரியர் டேனியல் என் வகுப்புத் தோழன். 'அபாயகரமான ரசாயனங்கள் – பாதுகாப்புப் பயிற்சி' என்று பேனர் கட்டிவிட்டு எனக்கு போன் அடித்தான்.

"மாப்ள, சும்மா வந்து உக்காரு. முன்வரிசையில ஒரு சேர் காலியாக் கிடக்கு. போட்டோவுல பல்லு விழுந்த மாதிரி தெரியும்."

போனேன். மழையைப் பற்றி நாலு வரி எழுதியதைத் தவிர நான் எந்தத் திரவத்தையும் கையாண்டதில்லை. ஆனாலும் பயிற்சிக்குத் தகுதி பெற்றுவிட்டேன்! போனதுமே என் பெயர் போட்ட சர்டிஃபிகேட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

யாருக்குப் பயிற்சி தேவை என்று எப்படி முடிவு செய்தார்கள் தெரியுமா? "கெமிக்கலோட சம்பந்தப்பட்ட ஸ்டாஃப் எல்லாரும்" என்றான் டேனியல். கெமிஸ்ட்ரி டீச்சர் – சரி. தமிழய்யா? அவர் வகுப்பு லேபுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். கணக்கர்? ஆசிட் பில்லில் கையெழுத்துப் போடுகிறவரே அவர்தானே!

அப்படியானால் அந்த ஆசிட்டைத் திறந்து ஊற்றுகிறவர்?

"ஜெபமாலையா? பாத்ரூம் கழுவுற அம்மாடா அது. ஸ்டாஃப் இல்ல, கான்ட்ராக்ட்."

ஆசிட்டுக்கும் இந்த விதி தெரியும் போலிருக்கிறது. நிரந்தர ஊழியர்களை மட்டும்தான் அரிக்கும்.

ஏசி குளிர்ந்தது. முந்திரி பக்கோடா மணத்தது. வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் திரையில் இரண்டு படங்களைக் காட்டினார். "பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணா சேக்கவே கூடாது. விஷவாயு வரும்."

வந்தது.

கதவிடுக்கு வழியாக ஒரு காரம்... தொண்டையைச் சுரண்டி, கண்ணைப் பிசைந்து, ஹால் முழுக்கப் பரவியது. முன்வரிசை புல்லரித்துப்போனது. "டெமோ பிரமாதம் சார்!" என்றார் கணக்கர். கைதட்டல்!

பயிற்சியாளரின் முகம் வெளிறிவிட்டது. "நான் டெமோ எதுவும் கொண்டுவரலையே..."

ஓடினோம். வராந்தாக் கோடியில், கழிப்பறைப் படியில் சரிந்து கிடந்தார் ஜெபமாலை. இருமல் – அது முடியும் முன்பே அடுத்த இருமல். எல்லோருமாகத் தூக்கி வெட்டவெளியில் உட்கார வைத்தோம்.

"என்னம்மா பண்ணித் தொலைச்ச?" டேனியல் பதறினான்.

"நீங்கதான சார்... பெரிய ஆபீசர் வாராக, பளிச்சுனு இருக்கணும்னீக... ரெண்டையும் சேத்து ஊத்துனா இன்னும் வெளுக்கும்னு..."

ஆக, பாதுகாப்புப் பயிற்சி நடத்தியிராவிட்டால் அன்று பள்ளி பாதுகாப்பாகவே இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் மாஸ்க். உள்ளே பனி படர்ந்தது, கலைந்தது, மறுபடி படர்ந்தது. ஒரு மனுஷியின் மூச்சைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கும் வேளை யாருக்கும் வரக்கூடாது.

வெளியே டேனியலைப் பிடித்தேன். "என் சர்டிஃபிகேட்ட இந்தம்மா பேருக்கு மாத்திரு."

"கிண்டலா மாப்ள? நானே நொந்துபோய் நிக்கேன்."

"பில்லத் தொடுற கைக்குக் கிளாஸ். கேனைத் தொடுற கைக்குக் கான்ட்ராக்ட். நல்லா இருக்குடா உங்க கெமிஸ்ட்ரி!"

கதவைத் தள்ளி ஜெபமாலையை ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு, "வர்ற மாசம் மறுபடி நடத்துவோம். இந்தத் தடவை முதல் சேர் ஜெபமாலைக்கு" என்றான்.

நேற்று டிஸ்சார்ஜ். மூச்சு சீராகிவிட்டது, குரலில் மட்டும் கொஞ்சம் கரகரப்பு. வேலை போய்விடுமோ என்பதுதான் அவர் பயம். போகாது என்றேன். பயிற்சி விஷயத்தையும் சொன்னேன்.

"எனக்கா சார்? சேர் போட்டா?"

"முன்வரிசையிலக்கா."

முகம் மலர்ந்துவிட்டது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவர் தலையை வெளியே நீட்டினார்.

"கிளாஸ் எத்தன மணிக்கு சார்?"

"பத்து மணிக்கு."

"அப்ப ஒம்போதுக்கே வந்து பாத்ரூமைக் கழுவி வச்சுருதேன். ஆபீசர் வருவாகள்ல... வாரேன் சார்!"