எங்கள் குழு ஜெயித்த வருடம்

அமெரிக்காக்காரர்கள் ஆடும் கால்பந்தில் காலுக்கு அவ்வளவாக வேலையில்லை. கூம்பிய பந்து ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். அவன் மேல் நாலைந்து தடியர்கள் விழுகிறார்கள். விசில் ஊதியதும் எல்லோரும் எழுந்து நின்று பேசிக்கொள்கிறார்கள். அந்த ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்தேன்.

திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டில் இருந்து சரக்கு வாங்குகிற பையரின் மெயிலைப் படிப்பது, அவன் கேட்கிற நிறத்தையும் அளவையும் உள்ளே இருப்பவர்களுக்குப் புரிய வைப்பது, சரக்கு தாமதமானால் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது, இதுதான் வேலை. இருபத்திரண்டு வருடமாகத் திட்டு வாங்குகிறேன். பதிலுக்கு நானும் திட்டுவேன். செக்கிங் பெண்கள் என் தலை தெரிந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அந்த அமெரிக்கக் குழுவின் டீ ஷர்ட்டை நாங்கள் ஆறு வருடமாகத் தைத்துக்கொண்டிருந்தோம். செங்கல் நிறத் துணி, நெஞ்சில் பல்லைக் காட்டும் ஒரு மிருகத்தின் தலை. அது என்ன மிருகம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கட்டிங் மாஸ்டர் நாய் என்பார். குழுவோ தோற்பதற்கென்றே பிறந்தது. வருடா வருடம் கடைசி இடம். அவர்களுடைய சட்டையைப் பெரிய கடைகளில் மூலையில் குவித்து மலிவாக விற்பார்களாம். அதனால் பையரும் ஆறு மாதம் முன்பே ஆர்டர் போட்டுவிடுவான், அவசரமே படமாட்டான். கப்பல் நாற்பது நாள் போனாலும் கேட்க மாட்டான். இப்படி ஒரு நிதானமான பையர் திருப்பூரில் வேறு யாருக்கும் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அமெரிக்கா நம் ஊர்த் துணிக்கு வரியை ஏற்றிய வருடம் எங்கள் மற்ற ஆர்டர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. குழந்தைகள் துணி போனது, இரவு உடை போனது. மிஞ்சியது இந்தத் தோற்கும் குழு மட்டும்தான். சின்ன ஆர்டர் என்பதால் அதை நிறுத்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. நாலு வரிசை மிஷினில் மூன்று வரிசைக்குத் துணி போர்த்தினோம். முதலாளி அந்த வழியாக நடப்பதையே விட்டுவிட்டார்.

அந்த வருடம்தான் அவர்கள் ஜெயிக்க ஆரம்பித்தார்கள்.

முதல் ஆட்டம் ஜெயித்ததைப் பையர் மெயிலின் கடைசி வரியில் எழுதியிருந்தான். குருட்டு யோகம் என்று நினைத்தேன். இரண்டாவது ஜெயித்தார்கள். மூன்றாவதும். புதிதாக ஒரு பயிற்சியாளர் வந்திருக்கிறாராம், பந்து எறிகிறவன் இருபத்துமூன்று வயதுப் பையனாம். திங்கட்கிழமை காலையில் டீ வரும் நேரத்தில் நான் போனில் முடிவைப் பார்த்துச் சொல்வேன். கட்டிங் மாஸ்டர் சாக்பீஸை எடுத்து மேஜைக் காலில் ஒரு கோடு போடுவார். முதலாளி நெசவுக் குடும்பத்துக்காரர், முருகனைக் கேட்காமல் மூச்சு விடமாட்டார். இந்தக் குழு கடைசிச் சுற்றுக்குப் போனால் மலைக்கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டார். அந்தப் பையன்களுக்கு இது தெரிந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

எங்கள் கணக்கு எளிமையானது. சரக்கு ஓடினால் ரிப்பீட் ஆர்டர் வரும். திருப்பூரில் மண்ணுக்கும் தெரிந்த விஷயம் இது. குழு ஜெயித்தால் சட்டை விற்கும், சட்டை விற்றால் மறுபடி எங்களிடம்தான் வரவேண்டும். மூன்று வரிசைத் துணியையும் எடுத்துவிடலாம். இதில் எங்கே தப்பு என்று அப்போது கேட்டிருந்தால் கேட்டவரை வெளியே போகச் சொல்லியிருப்பேன்.

எங்கள் பேட்லாக் மிஷினில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். டீ ஷர்ட்டின் கையையும் அடிப்பக்கத்தையும் மடித்துத் தைப்பது அந்த மிஷின்தான். அவள் கைக்கு நூல் அறுந்து நான் பார்த்ததில்லை. கணவன் இல்லை. இரண்டு பெண் குழந்தைகளை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு நாலு வருடமாக இங்கே ஒரு ரூமில் ஐந்து பெண்களோடு இருந்தாள். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து வீடியோ காலில் சின்னவளைச் சாப்பிட வைப்பாள். இங்கிருந்து வாயைத் திறந்து காட்டினால் அங்கே அது வாயைத் திறக்கும். அவள் சோறு ஆறிப்போகும். எனக்கு யாரையும் லேசில் பிடிக்காது. அந்தப் பெண்ணைப் பிடிக்கும்.

எங்கள் ஊரில் ஆள் மாறுவது தீபாவளிக்குத்தான். போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வரும்போது எந்தக் கம்பெனி வாசலில் இறங்குவார்கள் என்று சொல்ல முடியாது. அந்தத் தீபாவளிக்கு முந்தின வாரம் அவள் என்னிடம் ஒரு தாளைக் கொண்டுவந்து படித்துச் சொல்லக் கேட்டாள். அவிநாசிபாளையத்தில் ஒரு பெரிய மில்லின் விண்ணப்பம். ஐரோப்பா ஆர்டர் எடுப்பவர்கள், அமெரிக்க வரி அவர்களைத் தொடவில்லை. குடும்பத்தோடு தங்க லைன் வீடு தருகிறார்கள். பக்கத்திலேயே பள்ளிக்கூடம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றாள். சொல்லும்போதே அவள் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

நல்ல மனிதனாக இருந்தால் தாளைப் படித்துவிட்டு, போய் வா என்று சொல்லியிருப்பேன். நான் முதலாளியிடம் ஓடினேன். அவள் போனால் இருக்கிற ஒரு வரிசையும் நொண்டும் என்றேன். முதலாளி யோசித்துவிட்டு, பொங்கல் வரைக்கும் இப்படியே ஆர்டர் ஓடினால் மேலே சும்மா கிடக்கிற ரூமைச் சுத்தம் செய்து குடும்பத்துக்கே கொடுத்துவிடலாம் என்றார். ஓடினால், என்றுதான் சொன்னார். அந்த வார்த்தையை நான் வழியிலேயே விழுங்கிவிட்டேன்.

“எங்கயும் போகாதீங்க அம்மிணி,” என்றேன் அவளிடம். “பொங்கல் கழிச்சுப் புள்ளைங்களக் கூட்டிட்டு வந்துருங்க. மேல் ரூமு உங்களுக்குத்தானுங்க.”

“அவுக தோத்துட்டா?”

“இந்த வருசம் அவங்க தோக்க மாட்டாங்க. நான் பாத்துட்டுத்தான இருக்கறேன்.”

அவள் அந்தத் தாளை நாலாக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டாள். தீபாவளி முடிந்து எங்கள் வாசலில்தான் வந்து இறங்கினாள். அதன் பிறகு ஞாயிறு தோறும் சர்ச்சில் எங்கள் குழுவுக்காகவும் ஜெபம் செய்தாள். மறுநாள் காலையில் என் மேஜைக்கு வந்து முடிவைக் கேட்டுவிட்டுத்தான் மிஷினுக்குப் போவாள்.

குழு ஜெயித்துக்கொண்டே போனது. கட்டிங் மாஸ்டர் இன்னொரு மேஜைக் காலுக்கு மாறினார். ஆனால் ரிப்பீட் ஆர்டர் வரவில்லை. பையரின் மெயில்கள் குறைந்தன. வந்ததெல்லாம் ஒரே கேள்வி: எவ்வளவு சீக்கிரம் அனுப்ப முடியும்? கப்பலில் நாற்பது நாள் என்று எப்போதும் போல எழுதினேன். விமானத்தில் அனுப்பினால் எப்படி என்றான். அதற்குப் பதில் எழுதுவதற்குள் அடுத்த ஆட்டமும் முடிந்துவிட்டது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மார்கழியில் எல்லோருக்கும் மந்தமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாட்டுப் பொங்கலன்று மெயில் வந்தது. மிகவும் மரியாதையான மெயில். ஆறு வருட உழைப்புக்கு நன்றி, குழுவின் வெற்றியில் உங்களுக்கும் பங்கு உண்டு என்றெல்லாம் எழுதியிருந்தான். பிறகு விஷயம். ஜெயிக்கிற குழுவின் ரசிகனுக்கு ஞாயிற்றுக்கிழமை வெற்றியின் சட்டை செவ்வாய்க்கிழமை கையில் வேண்டும். அதனால் அமெரிக்காவுக்குப் பக்கத்து நாட்டில் அச்சில்லாத வெறும் சட்டையாகத் தைத்து வாங்கி, குழுவின் ஊரிலேயே ராவோடு ராவாக அச்சடித்துக்கொள்ளப் போகிறார்கள். வெட்டிய துணியை மட்டும் தைத்து அனுப்புங்கள், மீதி ரத்து, அடுத்த வருடமும் அங்கேயேதான்.

அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. தோற்கிற குழுவுக்குத்தான் நாங்கள் தேவைப்பட்டோம். அவசரமில்லாத சட்டைக்குத்தான் எங்கள் கப்பல் போதும். இருபத்திரண்டு வருடம் இந்தத் தொழிலில் இருந்துகொண்டு இது எனக்குத் தெரியாமல் போயிற்று. எங்கள் வேலை போகவேண்டும் என்று நாங்களே பால்குடம் வேண்டியிருக்கிறோம்.

பேட்லாக் பெண் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தாள். ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆட்டம் ஒன்று இருந்தது. அதையும் ஜெயித்துவிட்டால் சட்டை பற்றாமல் பையர் மறுபடி நம்மிடமே வருவான் என்று ஒரு நப்பாசை. மெயிலைப் படித்த பிறகும் அப்படி நினைத்தேன். சூதாடிகளைப் பார்த்து இனி நான் சிரிக்க முடியாது. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். அது பயம்தான், வேறொன்றுமில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அவள் வந்தாள். ஒரு கையில் சூட்கேஸ், இன்னொரு கையில் கட்டைப்பை. பின்னால் இரண்டு பெண் குழந்தைகள், எண்ணெய் வைத்துப் படிய வாரி, பஸ்ஸில் கசங்கிய புது கவுனில். பெரியவள் நெஞ்சோடு ஒரு பிளாஸ்டிக் கவரை அணைத்திருந்தாள். பள்ளிக்கூடத்து டிசி. வாங்கிக்கொண்டே வந்துவிட்டார்கள்.

“ஜெயிச்சிட்டாகளா அண்ணாச்சி?”

“ஜெயிச்சுட்டாங்க.”

“ஸ்தோத்திரம்,” என்று கண்ணை மூடித் திறந்தாள். பிறகு மாடியைக் காட்டி, அதுதான் நம்ம ரூம் என்று குழந்தைகளிடம் சொன்னாள்.

குழந்தைகளை பேக்கிங் பெண்களிடம் அனுப்பிவிட்டு அவளை உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி சொன்ன ‘ஓடினால்’ என்பதையும் சொன்னேன். அவள் எதிரிலேயே அவிநாசிபாளையம் மில்லுக்குப் போன் போட்டேன். லைன் வீடு எல்லாம் தீபாவளியோடு நிரம்பிவிட்டது, தனி ஆளாக வந்தால் ஹாஸ்டல் இருக்கிறது என்றார்கள். அவள் அழுதிருந்தாலோ திட்டியிருந்தாலோ எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அவள் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

“அவுக எப்பவும் போல தோத்திருந்தா நமக்கு வேல இருந்திருக்குமா?”

“இருந்திருக்கும் அம்மிணி.”

“நான் ஜெயிக்கணும்னுல்லா ஜெபம் பண்ணுனேன்.”

நான் போனை எடுத்து ஊருக்கு வண்டி எப்போது என்று பார்த்தேன்.

திருநெல்வேலிக்கு வண்டி சாயங்காலம்தான். அதுவரை சும்மா இருப்பானேன், வெட்டி வைத்ததைத் தைத்துவிடுகிறேன் என்று அவள் மிஷினில் போய் உட்கார்ந்தாள். குழந்தைகள் அட்டைப்பெட்டிகளின் மேல் ஏறி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. மதியம் சாப்பாட்டுப் பெல் அடித்ததும் மூவரும் மாடிப்படிக்குப் போனார்கள். அவள் சோற்றைப் பிசைந்து சின்னவள் வாய்க்கு எதிரே கொண்டுபோனாள். பழக்கத்தில் அவள் வாயும் திறந்தது. நாலு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் படியில் அவள் கை குழந்தையின் வாய்க்கு எட்டியது. சாயங்கால வண்டியில் அவள் குழந்தைகளை மறுபடி அம்மாவிடமே கொண்டுபோய் விட்டாள்.