அடிவரி அக்கா போட்ட எதிர்ப்பு மனு

அந்த ஸ்டூடியோவில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. படத்துக்கு அடியில் ஓடும் வரிகளை எழுதுகிறவள் என்பதால் ஒலிப்பதிவுக்காரர் ஒருநாள் விளையாட்டாக 'அடிவரி அக்கா' என்றார். அது ஒட்டிக்கொண்டது. அவரைவிட ஏழு வயது சின்னவள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள், எடுபடவில்லை. ஜன்னல் இல்லாத அறை, இரண்டு திரைகள், படத்தை நிறுத்தவும் ஓடவிடவும் காலடியில் ஒரு பெடல். அதற்குள் பதினாறு வருஷம் ஓடிப்போயிருந்தது. இடது செருப்பைவிட வலது செருப்புதான் அவளுக்கு முதலில் தேயும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரத்தில் தம்பியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தம்பிக்கு மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் வேலை. ஏழு வயதில் வந்த காய்ச்சலில் அவனுக்கு இரண்டு காதும் போய்விட்டன. தொழில்நுட்பச் செய்தித் தளம் ஒன்றின் இணைப்பை அனுப்பி, "அக்கா, உன் வேலைய யாரோ கண்டுபிடிச்சிருக்காங்களாம்" என்று எழுதியிருந்தான்.

இணையத்தில் படம் காட்டும் பெரிய நிறுவனம் ஒன்று புதிய காப்புரிமை வாங்கியிருக்கிறதாம். காது கேளாதவர்கள் படம் பார்ப்பதையே அது மாற்றிவிடுமாம். மற்ற நிறுவனங்களுக்கும் உரிமம் கொடுக்கப் போகிறார்களாம். கீழே ஒரு மாதிரிப் படம். இருட்டான கூடத்தில் ஒரு பெண் நிற்கிறாள். திரையின் வலது ஓரத்தில் ஒட்டினாற்போல் மெல்லிய எழுத்தில் ஒரு வரி. அடுத்த படத்தில் அதே ஓரம், எழுத்து தடித்திருக்கிறது. காட்சிக்கு வெளியே இருந்து பேசுகிறவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதை எழுத்தின் இடமும், எவ்வளவு கிட்டே வந்துவிட்டார் என்பதை எழுத்தின் தடிமனும் காட்டும். அதுதான் கண்டுபிடிப்பு.

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் அது அவளுடையது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் வீட்டில் அவளும் தம்பியும் ஒரு திகில் படம் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து வில்லன் பேசுகிறான். வரி எப்போதும்போல நடுவில், அடியில் வருகிறது. தம்பி படத்தை நிறுத்திவிட்டு, "யார் பேசுறாங்க? எங்கிருந்து?" என்று கையால் கேட்டான். அவள் விளக்கினாள். மறுபடி ஓடவிட்டான். அதற்குள் அந்தப் பயம் ஆறிப்போயிருந்தது. "நீங்க எல்லாரும் அவன் வர்றதுக்கு முன்னாடியே பயந்துடுறீங்க. நான் மட்டும் அவன் வந்தப்புறம் பயப்படணுமா?" என்றான். அந்தக் கேள்வி அவளைச் சும்மா இருக்கவிடவில்லை. மூன்று மாதம் விடுமுறை நாளெல்லாம் உட்கார்ந்தாள். ஸ்டூடியோ ஒளிப்பதிவாளர் தானே எடுத்த பன்னிரண்டு நிமிஷக் குறும்படம் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் வரிகளை ஓரத்துக்கு நகர்த்தி, மெலிய வைத்து, தடிக்க வைத்துப் பார்த்தாள். காது கேளாதோர் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதைப் போட்டுக் காட்டினபோது முன்வரிசையில் இருந்த தையல்காரப் பெண்மணி நாற்காலியோடு துள்ளிவிட்டார். அவர் வாழ்க்கையில் சரியான நேரத்தில் பயந்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து சங்கத்துக்காக ஓர் இணையப் பக்கம் நடத்தி, இப்படி எழுதிய வரிக் கோப்புகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவள் போட்டுவந்தாள்.

செய்தி வந்து இரண்டு வாரத்தில் சிரிப்பு நின்றது. நிறுவனத்தின் நோட்டீஸ் வந்தது. எங்கள் காப்புரிமையை மீறியிருக்கிறீர்கள். கோப்புகளை எடுத்துவிடுங்கள், அல்லது உரிமம் பெறுங்கள். நோட்டீஸ் நகல் ஸ்டூடியோ முதலாளிக்கும் போயிருந்தது. ஸ்டூடியோவின் பாதி வேலை அந்த நிறுவனத்திடமிருந்துதான் வருகிறது.

முதலாளி அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நல்ல மனுஷர். யாரையும் அதட்டத் தெரியாது, அதனால் கெஞ்சுவார்.

"அவங்களே பேசித் தீத்துக்கலாம்னு சொல்றாங்கம்மா. உன்கிட்ட எதுவும் கேக்கல. சும்மா ஒரு கையெழுத்து."

"எதுல சார் கையெழுத்து?"

"அதை நீயே போய்ப் படிச்சுப் பாரேன்."

போனாள். கண்ணாடிச் சுவர் வைத்த அறை, மேஜை மேல் தண்ணீர் பாட்டில்கள், எதிரில் உரிமப் பிரிவு அதிகாரி. அவர் மரியாதையில் குறை வைக்கவில்லை. அவளுக்கும் சங்கத்துக்கும் ஆயுள் முழுக்க இலவச உரிமம் தருவதாகச் சொன்னார். ஆலோசகர் என்று ஒரு பதவியும் உண்டாம். பதிலுக்கு, இந்த முறை நிறுவனத்தின் கண்டுபிடிப்பு என்று அவள் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய கோப்புகளை நீக்க வேண்டும். வெளியில் இதைப்பற்றிப் பேசக் கூடாது.

அவள் மூன்று பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள். ஓர் எழுத்து நகர்ந்தால் அர்த்தம் மாறிவிடும் என்று தெரிந்தவளுக்குப் படிப்பதில் அவசரம் கிடையாது.

"நீங்க இதுக்கு எப்ப விண்ணப்பம் போட்டீங்க?"

"ஏழு வருஷம் ஆச்சு."

"நான் பதினோரு வருஷமா பண்றேன்."

"இருக்கலாம் மேடம். ஆதாரம் இருக்கா?"

"கோப்பு இருக்கு."

"கோப்புல தேதிய யார் வேணா மாத்தலாமே" என்று அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. தினமும் இதையே பார்க்கிறவரின் சிரிப்பு. "எங்களுக்கும் உங்க மேல மதிப்பு இருக்கு. அதனாலதான் இலவசமா தர்றோம்."

அவளுக்குக் காது சூடேறியது. "என் வீட்டுச் சாவிய நீங்க வச்சுக்கிட்டு, எப்ப வேணா வந்து போங்கன்னு எனக்கே சொல்றீங்க. அதுக்கு நான் நன்றி வேற சொல்லணுமா?"

பேனாவை மூடி, தாள்களை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள். 

மாசக் கடைசியில் முதலாளி அவளுக்கு வேலை இல்லை என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பெடலைப் பார்த்தார். "அதை வேணா எடுத்துக்கிட்டுப் போம்மா" என்றார். எடுத்துக்கொண்டுதான் போனாள்.

வீட்டில் அம்மா, "பெரிய இடத்துல போய் முட்டிக்கிட்டு நிக்கிறியே, உனக்கு என்ன பைத்தியமா?" என்று புலம்பினாள். தம்பி சுவரோரமாக நின்று அம்மாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிதானமாகக் கையை அசைத்தான்: "முட்டட்டும்மா. சத்தம் எனக்கா கேக்கப் போகுது?" அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சங்கத்துக்காரர்கள் தேடிப் பிடித்த காப்புரிமை வக்கீல் முன்பு ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் வேலை பார்த்த பெண். பேச்சில் சர்க்கரை கிடையாது. "காப்புரிமையை எதிர்த்து மனு போட இன்னும் ஏழு வாரம் இருக்கு. அவங்க விண்ணப்பம் போட்ட தேதிக்கு முன்னாடியே இது ஊருக்குத் தெரிஞ்ச விஷயம்னு காட்டணும். உங்க மனசுல இருந்தா போதாது. வெளியில இருக்கணும், தேதியோட இருக்கணும், அந்தத் தேதிய உங்களால தொட முடியாத இடத்துல இருக்கணும்."

அவளுடைய இணையப் பக்கத்தை முதலில் ஏற்றியிருந்த சர்வர் கம்பெனியே மூடிப்போயிருந்தது, பிறகு மாற்றிய பக்கத்தில் பழைய தேதிகள் இல்லை. சங்கத்துக் கூட்டக் குறிப்பில் 'படம் காட்டப்பட்டது' என்றுதான் இருந்தது. என்ன படம், எப்படிப்பட்ட வரி என்று இல்லை. மின்னஞ்சல்களைத் தோண்டினாள், ஒன்றும் தேறவில்லை. நாலு வாரம் கரைந்தது. ஐந்தாவது வாரம், சங்க வாசலில் நின்றுகொண்டிருந்த தையல்காரப் பெண்மணி அவள் தோளைத் தட்டி, "நீ நூலகத்துக்கு ஒரு டிஸ்க் குடுத்தியே, அது என்ன ஆச்சு? நான் அதை மூணு தடவை எடுத்துட்டுப் போயிருக்கேன்" என்று கையால் சொன்னார்.

அவள் சுத்தமாக மறந்துபோயிருந்தாள். அந்தக் குறும்படத்தை வரிகளோடு ஒரு டிஸ்கில் பதிந்து பொது நூலகத்துக்குக் கொடுத்திருந்தாள். அடுத்த பஸ்ஸில் ஓடினாள்.

நூலகர் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "டிஸ்க் எல்லாம் கழிச்சுக் கட்டியாச்சேம்மா."

"கழிச்சதை எங்க போடுவீங்க?"

"கீழ. ஆனா அங்க போனா தும்மல் நிக்காது."

நின்றபாடில்லைதான். தரைக்குக் கீழ் அறையில் பெட்டி பெட்டியாக இருந்தன. இரண்டு நாள் அவளும் தம்பியும் உட்கார்ந்து பிரித்தார்கள். பட்டறையில் தம்பிக்கு அந்த இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். அவன் அதை அவளிடம் சொல்லவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் அவன் தரையை இரண்டு முறை உதைத்தான். அதிர்வு காலில் ஏறித் திரும்பிப் பார்த்தாள். கையில் டிஸ்க். உறைக்குள் ஒட்டிய தாளில் நூலகத்தின் வரவு முத்திரை, அதன் கீழ் இரவல் தேதிகள் வரிசையாக. முதல் தேதி, நிறுவனம் விண்ணப்பம் போட்டதற்கு மூன்று வருஷம் எட்டு மாசம் முந்தையது. ஒருமுறை பதிந்தால் திருத்தி எழுத முடியாத வகை டிஸ்க்.

வக்கீல் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார். "இந்த முத்திரைய நீங்க தொட முடியாது. அவங்களாலயும் தொட முடியாது."

விசாரணை நாளன்று காப்புரிமை அலுவலகத்தின் சின்ன அறையில் இருபது நாற்காலிதான் இருந்தது. சங்கத்திலிருந்து முப்பத்தேழு பேர் வந்திருந்தார்கள். மிச்சப் பேர் சுவரோரம் நின்றார்கள். விசாரணை அதிகாரி, "அமைதியா இருக்கணும்" என்றார். சைகை மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் முப்பத்தேழு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள், சத்தமே இல்லாமல்.

நிறுவனத்தின் வக்கீல் நன்றாகப் பேசினார். டிஸ்க் இருந்தது சரி, அதில் இருந்தது இதே முறைதான் என்பதற்கு என்ன நிச்சயம்? பார்த்தவர்களின் ஞாபகத்தை நம்பலாமா? இவர்கள் எல்லோரும் இந்த அம்மாவுக்கு வேண்டியவர்கள்தானே?

தம்பி எழுந்தான். அவன் கைகள் வேகமாக ஓட, மொழிபெயர்ப்பாளர் பின்தொடர்ந்தார்: "நாங்க கண்ணாலதான் வாழுறோம். நாங்க பாத்ததை, பாக்கவே இல்லைன்னு சொல்ல இவர் யாரு?"

அதிகாரி அவனை உட்காரச் சொல்லிவிட்டு, "டிஸ்கைப் போட்டுப் பாத்துடலாமே" என்றார். அங்கேதான் சிக்கல். கண்டுபிடிப்புகளுக்கெல்லாம் சான்றிதழ் கொடுக்கும் அந்தக் கட்டடத்தில் டிஸ்க் போடும் கருவி ஒன்றுகூட இல்லை. அரை மணி நேரம் தேடி, கீழ்த்தளத்தில் எந்த வருஷத்து ஆயுத பூஜைக்கோ மாலை போட்டு மறந்துவிட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை இரண்டு பேர் தூக்கிவந்தார்கள்.

படம் ஓடப்போகும் நேரத்தில் அவள் எழுந்தாள். "சார், ஒரு வேண்டுகோள். சத்தத்தை நிறுத்திட்டுப் பாருங்க."

நிறுத்தினார்கள். ஆளில்லாத மாடிப்படி. ஒருத்தன் மட்டும் நிற்கிறான். திரையின் வலது ஓரத்தில் மயிரிழைபோல ஒரு வரி: 'யாரது?' இன்னொரு வரி, கொஞ்சம் தடித்து. அடுத்தது இன்னும் தடித்து, ஓரத்தை முட்டிக்கொண்டு. அந்த நொடியில் விசாரணை அதிகாரியின் தலை தன்னையறியாமல் வலது பக்கம் திரும்பியது. அங்கே இருந்தது ஓர் இரும்பு அலமாரி மட்டும்தான்.

"திரும்பினீங்க சார்" என்றாள் அவள். "இந்த முறை அதுக்குத்தான். பத்து வருஷமா இவங்க எல்லாரும் அப்படித்தான் திரும்புறாங்க."

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எதையோ எழுதினார். நிறுவனத்தின் வக்கீல் அதற்கப்புறம் அந்த டிஸ்கைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

தீர்ப்பு வர ஐந்து மாசம் ஆனது. அதுவரை அவள் பள்ளிப் பாட வீடியோக்களுக்கு வரி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், தாவர இயல், கணிதம் என்று. திசையும் தடிமனும் சம்பந்தப்பட்ட முக்கிய உரிமைகள் அனைத்தும் ரத்தாயின. சத்தத்தின் தூரத்தை இயந்திரமே அளந்து சொல்லும் பகுதி மட்டும் நிறுவனத்துக்கு நின்றது. "அது அவங்களோடதுதான், வச்சுக்கட்டும்" என்றாள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு இடத்தில் வந்தது. காப்புரிமை கிடைத்தபோது ஒரு பக்கம் புகழ்ந்து எழுதிய செய்தித் தளம், அது போனதற்கு நாலு வரிதான் ஒதுக்கியது. அந்த நாலு வரியிலும் 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று எழுதியிருந்தது. அவள் உடனே ஆசிரியருக்கு எழுதினாள்: "தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. நான்தான் காரணம். திருத்திப் போடவும்." பதில் வரவில்லை. மறுவாரம் திரும்ப எழுதினாள். நாலாவது கடிதத்துக்குத் திருத்தம் வந்தது.

முதலாளி போன் செய்து திரும்ப வரச் சொன்னார். வர மாட்டேன் என்று சொல்லவில்லை. வந்தால் ஜன்னல் உள்ள அறை வேண்டும் என்றாள். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் சங்கத்து அறையில் அவளும் வக்கீலும் தம்பியும் உட்கார்ந்து, புதிதாக வெளியாகும் காப்புரிமை விண்ணப்பங்களைப் படிக்கிறார்கள். கண் தெரியாதவர்களுக்கான கருவி, பேச முடியாதவர்களுக்கான பலகை, எவன் எதை வளைத்துப் போடப் பார்க்கிறான் என்று. இதுவரை இரண்டு எதிர்ப்பு மனு போட்டிருக்கிறார்கள். ஒன்றில் தோற்றார்கள். போன வாரம் அந்தப் பழைய உரிமப் பிரிவு அதிகாரியே அவளுக்கு ஒரு வேலை ஒப்பந்தம் அனுப்பியிருந்தார், நல்ல பதவி. பதினாலாம் பிரிவில், இனி அவள் யோசிப்பதெல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று இருந்தது. அவள் அந்தப் பிரிவை மட்டும் கோடு போட்டு அடித்து, கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.